காற்று அடைபட்டால்: மன இறுக்கமும் சீன வைத்தியமும்

(நூற்றாண்டையொட்டி நமது சங்கம் நடத்திய சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)



போன மாதம் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அக்கா, ஸ்ட்ரெஸ் பற்றிப் பேசுங்க. நீங்க செய்யிற அந்தச் சீன வைத்தியத்தையும் சேர்த்துக்கோங்க" என்றார். சரி என்றேன். உடனே இன்னொரு தங்கை கேட்டாள்: "சீன வைத்தியத்துக்கும் நம்ம தோட்டத்து ஆட்களுக்கும் என்ன அக்கா சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது. தலைவலி, தடிமல், வயிற்றுவலி எதுவென்றாலும் நம் லயங்களில் முதலில் கை போவது கோடாலித் தைலத்துக்குத்தான். அது 1928 இல் சிங்கப்பூரில் ஒரு சீனர் தொடங்கிய கம்பெனியின் தைலம். தேயிலை என்கிறோமே, அந்தச் சொல்லில் உள்ள 'தே' சீனக் கரையோர மக்களின் சொல். நம்மில் பாதிப்பேர் றப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். 1952 டிசம்பரில் இலங்கையும் சீனாவும் றப்பர் - அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டபோது, ஆண்டுக்கு 50,000 தொன் றப்பர் அங்கே போனது, 270,000 தொன் அரிசி இங்கே வந்தது. யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் இரத்தினபுரிப் பக்கத்திலும் நம் அம்மாயிகள் விடியமுன் வெட்டிய பால், சீனாவில் டயராக ஓடியது. அவர்கள் சாப்பிட்ட சோற்றில் சீன அரிசியும் இருந்தது. எனவே யாரும் புதியவர் இல்லை.

ஊசி வைத்தியம் வந்தது பிறகு. 1970களின் நடுவில் டொக்டர் அன்ரன் ஜயசூரிய சீனா போய் அக்குபங்சர் கற்று வந்து, கலுபோவில வைத்தியசாலையில் இலவசமாகச் செய்யத் தொடங்கினார். அவர் வாத நோய் நிபுணர். மேற்கத்திய வைத்தியம் முறையாகப் படித்தவர். அவரிடம் கற்க வெள்ளைக்கார டொக்டர்மார் விமானம் ஏறி வந்தார்கள். ஏழைகள் பஸ் ஏறி வந்தார்கள். தாதியாக வேலை செய்த காலத்தில் நானும் அந்த வைத்தியத்தைப் பக்கத்தில் நின்று பார்த்து, பிறகு முறையாகப் படித்தேன். ஓய்வு பெற்றபின் ஊருக்கு வந்து, வாரத்தில் இரண்டு நாள் பெண்களைப் பார்க்கிறேன். இன்று நான் சொல்லப்போவது அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவைதான்.

என்னிடம் வரும் எந்தப் பெண்ணும் "எனக்கு மன அழுத்தம்" என்று சொன்னதில்லை. ஒருத்திகூட இல்லை. "நெஞ்சு அடைக்குது மிஸ்ஸி." "தலை பாரமா இருக்கு." "உடம்பெல்லாம் எரியுது." "தொண்டையில என்னமோ நிக்குது, முழுங்கினாலும் போகுதில்ல, துப்பினாலும் வருதில்ல." "ஈரக்குலை பதறுது." இப்படித்தான் சொல்வார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் இதற்குப் பனடோல் கிடைக்கும். இரண்டாவது முறை போனால் விட்டமின். மூன்றாவது முறை, "இந்தப் பொம்பளைக்கு வேலைக்குப் போகக் கள்ளம்" என்ற பெயர் கிடைக்கும்.

இது நம் பெண்களின் அறியாமை என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல வைத்தியர் 1980 இல் சீனாவின் ஹுனான் மாகாணத்துக்குப் போனார். அங்கே 'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதப்பட்டிருந்த 100 நோயாளிகளை உட்காரவைத்துப் பேசினார். அவர்கள் சொன்னதும் தலைவலி, தூக்கமின்மை, தலைச்சுற்று, உடம்பு நோவு. அந்த 100 பேரில் 87 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்ததாக அவர் கண்டார். கலாசாரப் புரட்சியின் பத்து ஆண்டுகளைக் கடந்து வந்த மனிதர்கள் அவர்கள். "எனக்குத் துக்கம்" என்று வாய்விட்டுச் சொல்வது ஆபத்தாக இருந்த காலம் அது. தலைவலி என்று சொன்னால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

லயத்திலும் அதே கதைதான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், பக்கத்துக் காம்பராவின் இருமல் கேட்கும் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, மாமியாரைப் பற்றியோ புருஷனைப் பற்றியோ துக்கத்தை வாய்விட்டு எப்படிச் சொல்வது? உடம்புதான் சொல்லும்.

சீன வைத்தியத்தின் அடிப்படையே இதுதான். உடம்பு ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம் என்று அவர்கள் பிரிக்கவில்லை. கோபம் கல்லீரலில், துக்கம் நுரையீரலில், பயம் சிறுநீரகத்தில், ஓயாத யோசனை மண்ணீரலில் என்று வைத்தார்கள். இதை இன்றைய உடற்கூற்றியலோடு பொருத்திப் பார்க்க வேண்டாம், பொருந்தாது. ஆனால் ஈரக்குலை பதறுது, வயிறு எரியுது, நெஞ்சு கனக்குது, குலை நடுங்குது என்று பேசுகிற நமக்கு இந்தக் கணக்கு அந்நியமானதும் இல்லை.

அவர்கள் 'ச்சி' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். மூச்சு, காற்று, உயிர்ச்சக்தி என்று பல பொருள். அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கோபத்தை விழுங்கினால், சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் இருந்தால், அது அடைபட்டு நின்றுவிடும் என்பது அவர்கள் கருத்து. காற்று என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு ஒன்று ஞாபகம் வரும். நம் தோட்டங்களிலும் "காத்து சேட்டை" என்கிறோம். அவர்களுக்குக் காற்று உள்ளே அடைபடுகிறது. நமக்கு வெளியிலிருந்து வந்து பிடிக்கிறது. அவர்கள் அடைப்பைத் திறக்கப் பார்த்தார்கள். நாம் கோடாங்கியைக் கூப்பிட்டு, வேப்பிலையால் அடித்து, தலைமயிரைப் பிடித்து உலுக்கி, "நீ யாரு, எங்கிருந்து வந்தே?" என்று கேட்கிறோம்.

ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ஜாங் ஜோங்ஜிங் என்ற சீன வைத்தியர் எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு நூலில், பெண்களின் நோய்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அதில் இரண்டு குறிப்புகளைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒன்று, தொண்டையில் சுட்ட இறைச்சித் துண்டு சிக்கியதுபோல் இருப்பதாகச் சொல்லும் பெண்ணைப் பற்றியது. நம் ஆட்கள் சொல்லும் அதே "முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல". மற்றது, காரணமின்றித் துக்கப்பட்டு அழுகிற, அடிக்கடி கொட்டாவி விட்டுச் சோம்பல் முறிக்கிற, ஏதோ தெய்வமோ ஆவியோ ஆட்டுவிப்பதுபோல் இருக்கிற பெண்ணைப் பற்றியது. நன்றாகக் கவனியுங்கள்: ஆவி பிடித்தது என்று அவர் எழுதவில்லை, பிடித்ததுபோல் என்றுதான் எழுதினார். அதற்கு மருந்தாக அவர் சொன்னது கோதுமை, அதிமதுரம், பத்து இலந்தைப்பழம். மூன்றையும் சேர்த்து அவித்துக் குடிக்கக் கொடுப்பது.

அந்தக் கஷாயம் நோயைக் குணமாக்குமா என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு பெண் அழுதுகொண்டே இருந்தால், அவளைக் கட்டிப்போடாமல், அடிக்காமல், பேய் என்று சொல்லாமல், இனிப்பாக ஏதோ அவித்து ஒரு கோப்பையில் ஊற்றிக் கையில் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குக் கிட்ட. நான் சீன வைத்தியத்திலிருந்து எடுத்துக்கொண்டது முதலில் இதைத்தான். ஊசி அதற்குப் பிறகு.

நான் கண்ட ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். பால் வெட்டும் குடும்பம். மத்திய கிழக்கில் நான்கு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். வந்த பிறகு பேச்சுக் குறைந்தது, இரவில் எழுந்து வாசலில் உட்காருவார், சாப்பிட உட்கார்ந்தால் அழுவார். வீட்டார் கோடாங்கியிடம் மூன்று முறை கொண்டுபோனார்கள். ஒரு சேவல், இன்னொரு சேவல், பிறகு ஆடு. அனுப்பிய காசில் மிச்சம் இருந்ததும் போனது. டிஸ்பென்சரியில் சத்துக் குளிசை. இரண்டு வருடம் இப்படி. என்னிடம் வந்தது கழுத்து நோவுக்கு. ஊசி போட்டால் இருபது நிமிஷம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அந்த இருபது நிமிஷம் யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பிள்ளை கூப்பிடவில்லை, அடுப்பு கூப்பிடவில்லை. முதல் முறை தூங்கிவிட்டார். இரண்டாவது முறையும் தூங்கினார். மூன்றாவது முறை, கூரையைப் பார்த்துக்கொண்டே, அந்த வீட்டில் தனக்கு நடந்ததைச் சொன்னார்.

அவருக்கு ஊசி குணமாக்கவில்லை. நான் அவரைக் கூட்டிக்கொண்டு மாவட்ட வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குப் போனேன். மருந்து எடுத்தார், மாதா மாதம் போனார், இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் "மனநல கிளினிக்குக்குப் போவோம்" என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அவர் வந்திருக்கமாட்டார். கழுத்து நோவு என்ற கதவு வழியாகத்தான் உள்ளே வர முடிந்தது.

சரி, இப்போது எல்லோரும் இடது கையை உள்ளங்கை மேலே இருக்கும்படி மடியில் வையுங்கள். முன்வரிசை டீச்சர்மாரும்தான். மணிக்கட்டில் கோடு இருக்கிறதல்லவா? அந்தக் கோட்டின் மேல் வலது கையின் மூன்று விரல்களைப் பக்கம் பக்கமாக வையுங்கள். மூன்றாவது விரல் முடியும் இடத்தில், நடுவில், இரண்டு நரம்புக் கயிறுகள்போல் தெரியும். அவை உண்மையில் தசைநார்கள். அவற்றுக்கு நடுவே பெருவிரலால் அழுத்துங்கள். வலிக்கும் அளவுக்கு வேண்டாம். இதற்கு நெய்குவான் என்று பெயர், உள்வாசல் என்று பொருள். வாந்தி, குமட்டலுக்கு இந்த இடம் உதவுகிறது என்பதற்கு நல்ல ஆராய்ச்சிகள் இருக்கின்றன; சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் குமட்டலில் பலமுறை பரிசோதித்திருக்கிறார்கள். படபடப்புக்கும் பதற்றத்துக்கும் உள்ள ஆதாரம் அந்த அளவுக்குப் பலமானது அல்ல. சில ஆய்வுகள் நன்மை என்கின்றன, சில வேறுபாடு இல்லை என்கின்றன. செலவில்லை, தீங்கில்லை, பஸ்ஸில் இருந்தபடியே செய்யலாம் என்பதால் நான் சொல்லிக் கொடுக்கிறேன்.

அழுத்திக்கொண்டே மூச்சை விடுங்கள். உள்ளே எடுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். மூன்று எண்ணி எடுத்தால் ஆறு எண்ணி விடுங்கள். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்று மெதுவாகும். இது நம் உடம்பின் அமைப்பு; சீனர்களும் நம் யோகிகளும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். இரண்டு நிமிஷம் போதும்.

(இரண்டு நிமிட மௌனம்.)

நூறு வருஷத்தில் இந்த மண்டபம் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை என்று அதிபர் சிரிக்கிறார்.

இன்னும் இரண்டு இடங்கள். பின் தலையில் மண்டையோடு முடிந்து கழுத்துத் தொடங்கும் இடத்தில், இருபக்கமும் சிறு குழி இருக்கும். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி இருபது வருஷம் மலை ஏறிய பெண்ணுக்கு அந்த இடத்தைத் தொட்டாலே கண் கலங்கும். இரண்டு பெருவிரல்களாலும் மெல்ல அழுத்திவிடலாம். தானே செய்வதைவிட மகள் செய்துவிட்டால் நல்லது. இன்னொன்று பாதத்தில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே, இரண்டு விரல் அளவு மேலே. அது கோபத்துக்கான இடமாம். கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள இடத்தைத் தலைவலிக்கு அழுத்துவார்கள். கர்ப்பிணிகள் அதை அழுத்தக்கூடாது என்பது அந்த வைத்தியத்தின் பழைய விதி.

சீன வைத்தியத்தில் ஒரு கடிகாரமும் உண்டு. இரவு ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை கல்லீரலின் நேரம், அப்போது விழிப்பு வந்தால் கல்லீரலில் கோளாறு என்பார்கள். நான் இதை நம்புவதில்லை. ஆனால் நம் லயத்தில் ஒரு பெண் அந்த நேரத்தில் விழித்திருந்தால், காரணம் பல சமயம் கல்லீரல்தான். அவளுடையது அல்ல, அவள் புருஷனுடையது. சிரிக்கிறீர்கள். சிரித்துவிட்டு யோசியுங்கள். சாராயம் இருக்கிற வீட்டில் எந்தப் புள்ளியை அழுத்தினாலும் பயம் போகாது. கிலோ குறைந்தால் அரைப்பேர் என்ற பதற்றமும் அப்படித்தான். நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்பதற்கே 2021 வரை காத்திருந்த மக்கள் நாம். மழை வந்தால் பால் வெட்டு இல்லை. மழை மேலும் வந்தால் மண் சரியுமோ என்ற பயம். 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்தபோது புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயமும் மண்ணுக்குள் போனது. அதன் பிறகு இரவு மழைச் சத்தம் கேட்டால் உடை மாற்றிப் பையைக் கட்டி உட்கார்ந்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அந்தப் பயம் நோயல்ல, நியாயமானது. அதற்கு மருந்து பாதுகாப்பான இடத்தில் ஒரு வீடு.

ஆகவே அன்றாடப் பழக்கங்களைப் பற்றிப் பேசும்போது, யாரிடம் பேசுகிறோம் என்று பார்க்கவேண்டும். கொழும்பிலும் ரொறன்ரோவிலும் மேசை வேலை செய்யும் தங்கைமாருக்கு நடை, பயிற்சி எல்லாம் சரி. சீனர்களின் 'எட்டுத் துண்டுப் பட்டு' என்ற பா துவான் ஜின் பயிற்சி பதினைந்து நிமிஷம் போதும், அறைக்குள்ளேயே செய்யலாம், முழங்கால் நோவு உள்ளவர்களும் செய்யலாம். ஆனால் காலை ஆறு மணிக்குப் பிரட்டுக்குப் போய் நாள் முழுதும் மலை ஏறி இறங்கிய பெண்ணிடம் "உடற்பயிற்சி செய்யுங்க" என்றால், கூடையை நம் தலையில் மாட்டிவிடுவாள். அவளுக்கு வேண்டியது ஓய்வு, நேரத்துக்குச் சாப்பாடு.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. விடியற்காலை வெறும் வயிற்றில் சாயத்தேத்தண்ணி, பதினொரு மணிவரை வேறெதுவும் இல்லை, பிறகு ரொட்டியும் மறுபடி தேத்தண்ணியும். நெஞ்சு படபடப்பு என்று வருபவர்களில் பலருக்கு இரத்தத்தில் இரும்புச்சத்து இல்லை. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால், சாப்பாட்டில் உள்ள கொஞ்ச இரும்பும் உடம்பில் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். அந்தியில் குடிக்கும் தேத்தண்ணியில் உள்ள கஃபீனில் பாதி, நீங்கள் படுக்கும்போதும் இரத்தத்தில் இருக்கும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தேத்தண்ணிக்குப் பதில், நம் விடுதி மேற்றன் தந்தாரே, அந்தக் கொத்தமல்லித் தண்ணி. தேயிலையில் வாழ்ந்த நானே இதைச் சொல்வது துரோகம்தான், மன்னியுங்கள்.

அமெரிக்காவில் நியூயோர்க் நகரத்தின் ஏழைப் பகுதியான பிரொங்ஸில், லிங்கன் வைத்தியசாலையில், 1970களில் போதைக்கு அடிமையானவர்களுக்குக் காதில் ஊசி போடும் முறையைத் தொடங்கினார்கள். தனித்தனி அறை இல்லை. எல்லோரும் ஒரே மண்டபத்தில் கதிரை போட்டு, காதில் ஊசியோடு, பேசாமல் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஊசி வேலை செய்ததா, சேர்ந்து இருந்தது வேலை செய்ததா என்று இன்னும் வாதம் நடக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது பேன் பார்ப்பது. பின்னேரம் பீலியில் குளித்துவிட்டு, லயத்து வாசற்படிகளில் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக நாலு பேர் உட்கார்ந்து, தலையைப் பிரித்துப் பேன் பார்ப்பார்கள். பேன் இருக்கும், இல்லாமலும் இருக்கும். விரல் தலையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். முகம் பார்க்கத் தேவையில்லாததால், முகம் பார்த்துச் சொல்ல முடியாததெல்லாம் அங்கே வெளியே வரும். இன்று ஷாம்பூ வந்து பேனைக் கொன்றுவிட்டது. தொலைபேசி வந்து அந்தப் படிகளைக் காலியாக்கிவிட்டது. பேன் திரும்பி வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும் சாட்டிலாவது மகளை முன்னால் உட்காரவையுங்கள்.

இனி எச்சரிக்கை. சீன மூலிகை மருந்துகளை இணையத்தில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். 'கவலையில்லாமல் உலாவும் பொடி' என்று ஒரு மருந்து உண்டு, சோங் அரசர் காலத்துக் குறிப்பு. பெயரைக் கேட்டாலே வாங்கத் தோன்றும். ஆனால் 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு மெலியச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்களில் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்த வேறொன்று கலந்திருந்தது. நம் ஆடுதின்னாப்பாளையும் அதே இனம், எனவே நாட்டு மருந்துதானே என்றும் அலட்சியம் வேண்டாம். நான் முன்பு சொன்ன கஷாயத்தில் உள்ள அதிமதுரமும் தொடர்ந்து குடித்தால் இரத்த அழுத்தத்தைக் கூட்டும். பிரஷர் குளிசை எடுக்கிறவர்கள் தொடவேண்டாம். பழைய நூலில் உள்ளதெல்லாம் பொய்யும் அல்ல. அப்படி ஒரு பழைய நூலின் குறிப்பைப் பிடித்து, ஆய்வுகூடத்தில் பலமுறை தோற்று, கடைசியில் மலேரியாவுக்கு மருந்து எடுத்த து யூயூ அம்மையாருக்கு 2015 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆய்வுகூடத்தில் என்ற சொல்லை மறக்காதீர்கள்.

நெஞ்சு அடைக்கிறது, வலி இடது கைக்கோ தாடைக்கோ போகிறது, வியர்க்கிறது என்றால் மணிக்கட்டை அழுத்திக்கொண்டு இருக்காமல் வைத்தியசாலைக்கு ஓடுங்கள். தொண்டை அடைப்போடு சாப்பாடு இறங்கவில்லை, மெலிவு இருக்கிறது என்றாலும் அப்படியே. பிள்ளை பெற்ற பெண் இரண்டு வாரத்துக்கு மேல் அழுதுகொண்டிருந்தால், அது "பச்சை உடம்பு, காத்து பட்டிருக்கு" என்பதல்ல. குடும்ப நல உத்தியோகத்தரிடம், அதாவது மருத்துவிச்சி மிஸ்ஸியிடம், சொல்லுங்கள்.

கடைசியாக, சொல்லக் கஷ்டமான ஒன்று. இந்த மண்டபத்தில் இருந்து பாடம் படித்த எல்லோரும் இன்று இங்கே இல்லை. சிலர் எப்படிப் போனார்கள் என்று நம் தொகுதிகளில் தெரியும், யாரும் பேசுவதில்லை. 1995 இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். உலகத்திலேயே மிகக் கூடிய எண்ணிக்கைகளில் ஒன்று. பிறகு அரசாங்கம் மிகவும் கொடிய பூச்சிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்தது. மனித மனம் அந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தில் மாறிவிடவில்லை. கஷ்டமான அந்த ஒரு மணி நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் நஞ்சு இல்லை, அவ்வளவுதான். அந்த மணி நேரம் கடந்தால் பெரும்பாலானோர் வாழ்கிறார்கள். வீட்டில் மருந்தடிக்கும் போத்தல் இருந்தால் பூட்டிவையுங்கள், முடிந்தால் வீட்டிலேயே வைக்காதீர்கள். முயன்று பிழைத்தவர்மேல் பொலிஸ் வழக்குப் போடும் என்று இன்னும் பயந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோகாதவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சட்டம் 1998 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. 1926 என்ற இலக்கத்தை உங்கள் தொலைபேசியில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம்.

ஆசிரியைகளாக இருக்கும் தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். மாதத்தில் மூன்றுமுறை வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளையை "நடிக்காதே" என்று வகுப்புக்கு அனுப்பாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, சுடுதண்ணீர் ஒரு கோப்பை கொடுத்து, கேள்வி கேட்காமல் இருந்து பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் அக்காமார், லயத்தில் இருக்கும் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பு எடுக்கும்போது "சுகமா?" என்றால் "சுகம்" என்றுதான் பதில் வரும். "கழுத்து நோவு எப்படி, ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது?" என்று கேளுங்கள். பதில் நீளமாக வரும். அடுத்த வேலையை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

தேநீர் இடைவேளைக்குப் பிறகு நான் பழைய மனையியல் அறையில் இருப்பேன். புள்ளிகளைத் தொட்டுக் காட்டவேண்டும் என்பவர்கள் அங்கே வரலாம். ஊசி கொண்டுவரவில்லை, பயப்பட வேண்டாம்.